தர்பூசணிக்குப் போர்த்திய கூறைப்புடவை

என் கூறைப்புடவை எங்கள் தர்பூசணிக் கொல்லையில் கிடந்தது.

காற்றில் பறந்துபோய் விழுந்திருக்கவில்லை. ஒழுங்காக மடித்து, இரண்டு பெரிய தர்பூசணிகளுக்கு மேல் போர்த்தி, மூலைக்கு ஒரு மண்ணாங்கட்டி வைத்து அமுக்கியிருந்தது. அரக்கு நிறப் பட்டு, கடுகு நிறக் கரை. உச்சி வெயிலில் ஜரிகை கண்ணைக் குத்தியது.

நான் தூக்குப்பாத்திரத்தில் கேப்பைக் கூழும், கிண்ணத்தில் மோர்மிளகாயும் கொண்டு போயிருந்தேன். இரண்டையும் வரப்பில் வைத்தேன்.

"இன்னாங்க இது?"

என் வீட்டுக்காரர் சக்கரபாணி சொட்டுநீர்க் குழாயில் அடைத்திருந்த மண்ணை ஈர்க்குச்சியால் குத்திக்கொண்டிருந்தார். தலை நிமிராமல், "எது?" என்றார்.

"இதுதான். என் கூறப்பொடவ."

"அதுவா? அடியில ரெண்டு காய் இருக்குதுமே. இந்தக் கொல்லியிலியே அதுங்கதான் பெருசு. நைலக்ஸ் பொடவ போட்டா வெயிலு உள்ள எறங்குது. பொட்டியில தேடிப் பாத்தேன், இதுதான் கெட்டியா இருந்துச்சு."

இதைச் சொன்ன மனிதர் முகத்தில் ஒரு சங்கடமும் இல்லை. நல்ல காய்க்கு நல்ல துணி, அவருக்கு விஷயம் அவ்வளவுதான்.

திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். அதற்கு முன் என்னதான் ஆகியிருக்கிறது பார்ப்போம் என்று ஒரு மூலையைத் தூக்கினேன். உள்ளே இரண்டும் பச்சைப் பசேலென்று, தொட்டால் கை சுடாமல் கிடந்தன. பக்கத்தில் துணி இல்லாமல் கிடந்த ஒன்றோ முதுகு வெளுத்து, குழம்பில் வெந்த பூசணித் துண்டு மாதிரி ஆகியிருந்தது. புடவை மூலையை இழுத்து விட்டு, மண்ணாங்கட்டியை இருந்த இடத்திலேயே வைத்தேன்.

"வந்து கூழ குடிங்க" என்றேன். திட்டை மாலைக்கு ஒத்திவைத்தேன்.

போன வாரம் இந்தத் தொடரில் நான் எழுதிய எங்கள் கிணற்று மோட்டார் கதையைப் படித்த வாசகி ஒருவர், "உங்கள் வீட்டுக்காரர் இதையெல்லாம் படித்தால் கோபித்துக்கொள்ள மாட்டாரா?" என்று கேட்டிருந்தார். அவர் படிப்பதில்லை. எங்கள் ஊர் மேரிதான் வாராவாரம் வந்து படித்துக் காட்டுகிறாள். அவர் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைத்துக்கொண்டே கேட்பார். நடுவில், "அன்னைக்கு மழயே இல்லியே, இவ எங்கேர்ந்து மழய கொண்டாந்தா?" என்று திருத்தம் சொல்வார். கோபம் வந்ததில்லை. இந்த வாரம் வருமா என்று தெரியவில்லை.

வைக்கோல் சீர்

பங்குனியில் திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையில் வந்தவர்களுக்கு எங்கள் பக்கத்தைத் தெரிந்திருக்கும். ஓலைப்பந்தல் போட்டு, தர்பூசணியை மலையாகக் குவித்து, ஒன்றை மட்டும் வெட்டிச் சிவப்பைக் காட்டிக்கொண்டு வைத்திருப்பார்கள். அந்தக் குவியல் எல்லாம் எங்களைப் போன்றவர்களின் கொல்லையிலிருந்து போனதுதான்.

தர்பூசணிக்கு அதன் இலைதான் குடை. காய் பருக்கப் பருக்க, கொடி இலையைத் தழைத்து மூடிக்கொள்ளும். வெயில் அளவோடு இருக்கும்வரை இந்த ஏற்பாடு போதும். அளவு மீறினால் இலை துவண்டு சுருங்கிவிடும், காய் வெளியே தெரியும். வெளியே தெரிந்த காய் வெந்துபோகும். அதனால் கொஞ்ச வருஷமாகவே நாங்கள் காய்மேல் வைக்கோல் பரப்பி வந்தோம்.

வைக்கோல் எங்கிருந்து வரும் என்றால், என் தாய் வீட்டிலிருந்து.

எங்கள் பக்கம் மணல் கலந்த மண். நெல் குறைவு. என் அண்ணன் இருப்பது காணை என்ற ஊருக்குப் பக்கத்தில், நெல்லும் கரும்பும் விளைகிற பூமி. திருவாமாத்தூர் கோவிலில் எங்கள் கல்யாணம் நடந்தது. தாலி கட்டிவிட்டுப் பந்தியில் உட்கார்ந்த மாப்பிள்ளை என் அண்ணனைக் கூப்பிட்டார். மோதிரம் கேட்கப் போகிறார் என்று என் அண்ணனுக்கு உதறல். "மச்சான், வர்ற வழியில பாத்தேன். இந்தப் பக்கம் இவ்ளோ வைக்கோல் கெடக்குதே, இன்னா பண்ணுவீங்க?" என்று கேட்டார். புதுப் பெண்ணாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு எங்கேயாவது எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

அண்ணன் அதை மறக்கவில்லை. வருஷா வருஷம் தை அறுப்பு முடிந்ததும் டிராக்டர் நிறைய வைக்கோல் வந்து இறங்கும். மற்றப் பெண்களுக்குப் பொங்கல் சீராகப் பாத்திரமும் புடவையும் வரும், எனக்கு வைக்கோல். "ஒங்க ஊட்ல மாட்டுக்குத்தாம்மே சீர் அனுப்பறாங்க" என்று இவர் கிண்டல் செய்வார். "ஆமா, இந்த ஊட்ல எது மாடுன்னு எங்கண்ணனுக்குத் தெரியும்" என்பேன். மாடு இருந்தவரை மாடு தின்றது. பிறகு தர்பூசணி போர்த்திக்கொண்டது.

இந்த முறை வைக்கோல் வரவில்லை. கார்த்திகைக் கடைசியில் வந்த புயல் கரையைத் தொட்டதும் நகராமல் நின்றுவிட்டது. பெய்தது, பெய்தது, பெய்துகொண்டே இருந்தது. எங்கள் கொல்லையில் பிடுங்கிப் போட்டிருந்த மல்லாட்டைச் செடி, போட்ட இடத்திலேயே முளைவிட்டது. அண்ணனின் சம்பா தண்ணீருக்குள் போய், தண்ணீர் வடிந்தபோது சேறாக வெளியே வந்தது.

தையில் அண்ணன் போன் செய்தார். பயிர் போனதைச் சொன்னபோதெல்லாம் அழாத மனிதர் அவர். "பாப்பா, இந்த வருசம் ஒனக்கு வைக்கோல் இல்லம்மா" என்று சொல்லிவிட்டு அழுதார். எனக்கும் அழுகை வந்துவிட்டது. "வைக்கோலுக்குப் போயி ஏண்ணா அழுவற?" என்று கேட்டுக்கொண்டே நானும் அழுதேன்.

சவுக்கா, காயா?

என் மகள் செங்கல்பட்டில் இருக்கிறாள். புயலுக்குப் பிறகு அவள் ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டாள். "அப்பா, போதும்பா. கொல்லியில சவுக்க போட்டுட்டு ரெண்டு பேரும் இங்க வந்துடுங்க" என்றாள்.

சவுக்கு என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கன்று நட்டு, கொஞ்ச காலம் பார்த்துக்கொண்டால் போதும். அப்புறம் அது தானே வளர்ந்து, சில வருஷம் கழித்து வெட்டுக்கு வரும். தினமும் ஆள் நிற்க வேண்டியதில்லை. எங்கள் பக்கத்தில் பாதி நிலம் அப்படித்தான் சவுக்காகிக் கொண்டிருக்கிறது. சொந்தக்காரர்கள் சென்னையிலோ புதுச்சேரியிலோ இருப்பார்கள்.

மகள் சொன்னதில் தப்பே இல்லை. எனக்கும் அலுப்பாகத்தான் இருந்தது. ஒரு பக்கம் தண்ணீரில் மூழ்கடிக்கிறது, அதே வருஷம் வெயிலில் வறுக்கிறது. மனுஷன் எதற்கென்று ஈடுகொடுப்பான்?

ஆனால் இவரைக் கொல்லை இல்லாமல் நான் நினைத்துப் பார்த்ததில்லை. ஒருமுறை மகள் வீட்டு மூன்றாவது மாடியில் ஒரு வாரம் தங்கினோம். பொழுது போகாமல் பால்கனித் துளசிக்குத் தண்ணீர் ஊற்றி ஊற்றி, அதை அழுகவைத்துவிட்டுத்தான் ஊருக்குக் கிளம்பினார்.

கடைசியில் மகளிடம் இப்படி ஒத்துக்கொண்டார்: "இந்தக் காய எடுத்துப் பாப்பம்மா. இதுவும் போச்சுன்னா நீ சொல்றபடியே சவுக்குப் போட்டுட்டு வந்துடறேன்." போனை வைத்துவிட்டு ராத்திரி சோறு வேண்டாம் என்று படுத்துக்கொண்டார்.

மேரி கொண்டுவந்த மூட்டை

அக்கினி நட்சத்திரத்துக்கு இன்னும் நாள் கிடந்தது. வெயில் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. மாசியிலேயே காலை வெயில் முதுகைச் சுட்டது. கடற்காற்று சாயங்காலமானால் எங்களை எட்டிப் பார்க்கும், அதுவும் நின்றுபோனது. காய் உருண்டு திரண்டு வரும் நேரத்தில் இலை துவண்டது.

வைக்கோலுக்கு எங்கெங்கோ கேட்டார். இருந்தவர்கள் மாட்டுக்கு வைத்துக்கொண்டார்கள். தென்னை ஓலை வெட்டிப் போட்டார். அது ஒரு மூலைக்குக்கூடப் போதவில்லை. துவண்ட இலையை ஒவ்வொன்றாக இழுத்துக் காய்மேல் விட்டு, "பொறுத்துக்கடா கண்ணு" என்று பேசிக்கொண்டு திரிந்தார். எங்கள் கல்யாணமான நாளிலிருந்து என்னை அவர் கண்ணு என்று கூப்பிட்டதில்லை.

மேரி எங்கள் கொல்லையில் களை எடுக்கவும் காய் பறிக்கவும் பெண்களைக் கூட்டிக்கொண்டு வருகிறவள். சாலைக்கு அந்தப் பக்கம், மாதா கோவில் தெருவில் இருக்கிறாள். வாய் நீளம். என் வாயும் கொஞ்சம் நீளம்தான் என்பதால் எங்களுக்குள் ஒத்துப்போகும். அப்போது தவக்காலம். பூ வைக்காமல், மத்தியானம் சாப்பிடாமல் வேலைக்கு வந்துகொண்டிருந்தாள்.

காட்டுப்பன்றி நுழையாமல் இருக்கக் கொல்லையைச் சுற்றிப் பழைய புடவைகளை வேலி மாதிரி கட்டியிருப்போம். எங்கள் பக்கம் எல்லாரும் செய்வதுதான். மேரி அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "பன்னிக்குப் பொடவ கட்டறோம், காய்க்கு ஏங்க்கா கட்டக் கூடாது?" என்றாள்.

வேலிப் புடவைகள் அத்தனையும் அன்றே காய்மேல் ஏறின. போதவில்லை. மறுநாள் மேரி தன் தெருவில் வீடு வீடாகப் போய் ஒரு பெரிய மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து இறக்கினாள். பூப்போட்டது, கட்டம் போட்டது, ஓரம் கிழிந்தது, யாரோ ஒருத்தி பிள்ளைக்குத் தொட்டில் கட்டிய நூல் புடவை. "எல்லாம் திரும்பத் தரணும், சொல்லித்தான் வாங்கினு வந்தேன்" என்றாள். நானும் என் பழைய புடவைகளை எடுத்துக் கொடுத்தேன். அதில் கூறைப்புடவை இல்லை. அதை நான் திண்டிவனத்துக்குக் கண் காட்டப் போயிருந்தபோது பெட்டியைத் திறந்து இவரே எடுத்துக்கொண்டு போனார். அந்தக் கதைதான் மேலே சொன்னது.

சாலையிலிருந்து பார்த்தால் கொல்லை முழுக்கப் பெண்கள் குனிந்து உட்கார்ந்து ஏதோ வேலை செய்வது போலத் தெரியும். பேருந்தில் போகிறவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். வேலைக்கு வந்த பெண்கள் முதலில் அவரவர் புடவையைத் தேடிப் போய்த் தூக்கிப் பார்ப்பார்கள். "என் பொடவ காய்தான் ஷோக்கா இருக்குது, உன்னுது வெம்பிப் போச்சுடி" என்று ஒருத்தியை ஒருத்தி கேலி செய்வார்கள். இவ்வளவு சிரிப்பை அந்தக் கொல்லையில் நான் கேட்டதில்லை.

சிரித்தபடியே சொல்கிறேனே தவிர, வேலை கொஞ்சமல்ல. வெயில் ஏறும்போது போர்த்த வேண்டும், தாழ்ந்ததும் எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அடியில் வேர்த்துக் காய் அழுகும். அதை முழுக்க இவர்தான் செய்தார். "யாராச்சும் பாத்துக்குவாங்க, நீங்க வந்து செத்த படுங்க" என்றால், "அவங்களுக்கு எந்தக் காய் எப்பிடின்னு தெரியாதுமே" என்பார்.

வியாபாரி வருவதற்கு முந்தின நாள்

மறுநாள் லாரியோடு வருவதாக வியாபாரி சொல்லியிருந்தார். காய் கைக்கு வந்துவிட்டது போலத்தான். மகளுக்குப் போன் செய்து, "சவுக்க அப்பறம் பாக்கலாம்" என்று சொன்னபோது இவர் குரலில் கொஞ்சம் திமிர்கூட வந்திருந்தது.

அன்றைக்கு இலை அசையவில்லை. காகம்கூட மோட்டார் கொட்டாய் நிழலை விட்டு வெளியே வரவில்லை. நானும் மேரியும் மறுநாள் பறிப்புக்கு எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது என்று பார்க்கக் கொல்லைக்குப் போனோம். காலையில் போனவர் கூழுக்கும் வீட்டுப் பக்கம் வரவில்லை என்று எனக்குக் கோபம்.

கூப்பிட்டேன். பதில் இல்லை. புடவைகளுக்கு நடுவே ஒரு வெள்ளை வேட்டி தெரிந்தது.

வரிசைகளின் நடுவே குப்புற விழுந்து கிடந்தார். தொட்டால் உடம்பு கொதித்தது, ஒரு சொட்டு வேர்வை இல்லை. என்னமோ முனகினார், என் பெயர்கூட அதில் இல்லை. தலையில் துண்டைக் காணோம். வெயிலுக்கு முண்டாசு இல்லாமல் அவர் ஒருநாளும் கொல்லையில் நின்றதில்லை. தேடினால், வரிசைக் கடைசியில் துணி கிடைக்காமல் கிடந்த ஒரு காய்மேல் அந்தத் துண்டு ஒழுங்காகப் பரப்பி வைத்திருந்தது.

மேரிதான் அவர் தோளுக்கடியில் கையைக் கொடுத்தாள். "காலப் புடிக்கா! கொட்டாய்க்குத் தூக்கு, ஜல்தி!" என்று கத்தினாள். நிழலில் கிடத்தியதும், "பொடவய எடு! நூல் பொடவயா எடு!" என்றாள்.

பக்கத்து வரிசைக்கு ஓடினேன். கையில் கிடைத்த புடவைகளை எல்லாம் காய்மேலிருந்து உருவினேன். தொட்டித் தண்ணீரில் முக்கி முக்கி, தலையிலிருந்து கால்வரை போர்த்தினோம். சூடேறியதும் எடுத்து மறுபடி முக்கினோம். மேரி ஒரு கையால் ஆம்புலன்சுக்குப் போன் பேசிக்கொண்டு இன்னொரு கையால் முறத்தை எடுத்து விசிறினாள். வாய் ஜெபம் சொல்லிக்கொண்டே இருந்தது. நான் மேல்மலையனூர் அம்மனைக் கூப்பிட்டேன். அன்று யார் கேட்டார்களோ, இரண்டு பேருக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

ஆம்புலன்ஸ் சத்தம் கேட்கும்போது கண்ணைத் திறந்தார். மேலே கிடந்த ஈரப் புடவையைத் தடவிப் பார்த்தார்.

"எந்த வரிசைலேர்ந்து எடுத்தீங்க?" என்றார்.

"பேஜாரு புடிச்ச மனுசா, கம்முனு கெடண்ணா!" என்று மேரி கத்தினாள். கத்திவிட்டு உட்கார்ந்து அழுதாள்.

நான் திண்டிவனம் ஆஸ்பத்திரி போகும்வரை அவரைத் திட்டிக்கொண்டே போனேன். புடவைக்காக ஒத்திவைத்திருந்த திட்டும் சேர்ந்துகொண்டது. வண்டியில் கூட வந்த பையன், "அம்மா, அவர் கண்ண மூடிக்கினு இருக்காரு, அவருக்குக் கேக்காது" என்றான். "கேக்கும். கேக்கறதுனாலதான் மூடிக்கினு இருக்காரு" என்றேன். என் கையை மட்டும் அவர் விடவில்லை.

மிச்சமான வரிசை

மறுநாள் வியாபாரி வந்தார். இவர் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் சொட்டுநீர் ஏற்றிக்கொண்டு படுத்திருந்தார், துணைக்கு மகள் வந்துவிட்டாள். நானும் மேரியும் பறிப்பைப் பார்த்துக்கொண்டோம்.

"இன்னாமா இது, காய்க் கொல்லியா, ஜவுளிக் கடையா?" என்று வியாபாரி சிரித்தார். நாலைந்து காயைத் தட்டிப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "வர்ற வழி பூரா வெந்து கெடக்குதும்மா. இங்கதான் காய் காயாட்டம் இருக்குது" என்றார். அந்த இரண்டு பெரிய காயைத்தான் முதலில் தூக்கி லாரியில் தன் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். என் கூறைப்புடவை மடித்த மடிப்பில் வெளுத்துப் போயிருந்தது. உதறி, மண்ணைத் தட்டி, பெட்டியில் வைத்துவிட்டேன்.

ஒரு வரிசையை மட்டும் அவர் தொடவில்லை. நான் புடவைகளை உருவிய வரிசை அது. அன்று அதைத் திரும்ப மூட எங்களில் யாருக்கும் நினைப்பு வரவில்லை. எல்லாக் காய்க்கும் முதுகு வெளுத்து, அமுக்கினால் விரல் உள்ளே போனது. "இது வேணாம்மா, வழியிலியே தண்ணியா பூடும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்த அன்று இவர் வாசலில்கூட உட்காரவில்லை, நேரே கொல்லைக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். மகளும் மேரியும் வந்தார்கள். காலியான கொல்லையில் அந்த ஒரு வரிசை மட்டும் கிடந்தது. குனிந்து ஒரு காயை அமுக்கிப் பார்த்தார்.

"செத்த நேரம் என்ன அப்பிடியே உட்டுருக்கலாம்மே. எனக்கு வெறும் மயக்கந்தான். நானே எழுந்துருப்பேன். ஒரு வரிச போச்சு பாரு" என்றார்.

மகள், "அப்பா!" என்றாள். அப்புறம் என் பக்கம் திரும்பி, "அம்மா, நீயே சொல்லு. சவுக்கா, காயா? நீ சொல்றதுதான்" என்றாள்.

இவர் என்னைப் பார்க்கவில்லை. வெந்த காயைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த உடம்பு, கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. இந்த மனுஷனைச் செங்கல்பட்டுக்குக் கொண்டுபோனால் வெயில் தொடாது. வேறு ஏதோ ஒன்று தின்றுவிடும். அது எனக்குத் தெரியும்.

"காயே போடட்டும். ஆனா வெயில் ஏறினா கொல்லியில நிக்கக் கூடாது. மேரியோ நானோ பாத்துக்குவோம். காய் போனா போவட்டும். மீறி நின்னாருன்னா, நானே போயி சவுக்குக் கன்னு வாங்கினு வந்து நட்டுடுவேன்" என்றேன்.

"சரிமே" என்றார். இவ்வளவு சீக்கிரம் அவர் எதற்கும் சரி சொன்னதில்லை.

அப்புறம் அந்தக் காயை வரப்பில் மோதி உடைத்தார். மேல் பக்கம் வெந்து கூழாக இருந்தது, மண்ணைத் தொட்ட பக்கம் நல்ல சிவப்பு. சிவந்த பக்கத்தைப் பிய்த்து மேரிக்குக் கொடுத்தார், மகளுக்குக் கொடுத்தார். எனக்கும் நீட்டினார். "சாப்புடு கண்ணு" என்றார். காயிடம் பேசுகிற அதே குரல்தான். மேரி சிரிப்பை அடக்க முடியாமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த வரிசையில் கிடந்த அத்தனை காயும் அவருக்காக வெயில் வாங்கிக்கொண்டவை. ஒன்றுகூட வீணாகப் போனதாக நான் நினைக்கவில்லை. தேனாக இனித்தது. இன்னொன்று உடைக்கச் சொல்லி அதையும் சாப்பிட்டேன்.